குளியலறையில் மைக்ரோசிமெண்ட்: சதுர அடி விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள்

கேள்வி இதுதான்: 8 அடிக்கு 6 அடி குளியலறை. சுவரிலும் தரையிலும் பழைய டைல்ஸ். அதை மாற்றி, சந்தே தெரியாத சிமெண்ட் (மைக்ரோசிமெண்ட்) அல்லது சுண்ணாம்புப் பூச்சு செய்ய வேண்டும். இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினால் ஒருவர் சொல்லும் சதுர அடி விலை இன்னொருவர் சொல்வதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. யார் சொல்வது சரி, மொத்தமாக எவ்வளவு ஒதுக்கிவைப்பது?

இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். ஒருவர் மேலே வரும் கடைசி 3 மில்லிமீட்டர் பூச்சுக்கு மட்டும் விலை சொல்லியிருப்பார். இன்னொருவர் அந்த 3 மில்லிமீட்டர் எதன்மேல் உட்காரப்போகிறதோ அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். இந்த வகைப் பூச்சில் பணம் போவது முக்கியமாக இரண்டு இடங்களில்: கீழே இருக்கும் தளத்தைச் சரிசெய்வது, அப்புறம் ஆட்கள் எத்தனை முறை வந்து போகிறார்கள் என்பது. பொருள் விலை இவை இரண்டுக்கும் பின்னால்தான். சதுர அடி விலை இந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது. அதனால் கணக்கைக் கீழிருந்து மேலே போடுங்கள்.

முதலில் பரப்பளவு. பலர் தரையை மட்டும் மனதில் வைத்து "48 சதுர அடிதானே" என்று கேட்டுவிட்டு, பிறகு அதிர்ச்சி அடைகிறார்கள். 8×6 அறையின் சுற்றளவு 28 அடி. கூரை உயரம் 8 அடி என்றால் சுவர் மட்டும் 224 சதுர அடி. கதவுக்கு 17.5, சின்ன ஜன்னலுக்கு 4 கழித்தால் 202.5. தரையையும் சேர்த்தால் சுமார் 250 சதுர அடி, அதாவது 23 சதுர மீட்டர். தரையைப்போல் ஐந்து மடங்கு.

இதில் சோப்பு, ஷாம்பு வைக்க ஒரு மாடம் வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு அடி அகலம், இரண்டு அடி உயரம், நான்கு அங்குல ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் அது கூடுதலாக 2 சதுர அடிதான். ஆனால் உள்மூலைகள், வெளி விளிம்புகள், உள்ளே தண்ணீர் தேங்காமல் முன்பக்கம் வாட்டம், இவை அத்தனைக்கும் ஒவ்வொரு கோட்டிலும் சின்னக் கரண்டியை வைத்து மெல்ல வேலை செய்ய வேண்டும். சமதளச் சுவரில் அந்த நேரத்தில் பல மடங்கு பரப்பை முடித்துவிடலாம். அனுபவமுள்ளவர்கள் மாடம், திண்டு, விளிம்பு இவற்றுக்கு ஓடும் அடிக் கணக்கிலோ தனி எண்ணிக்கையிலோ விலை போடுவார்கள். கொட்டேஷனில் அது இல்லையென்றால், வேலை நடக்கும்போது "எக்ஸ்ட்ரா" என்று வரும்.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் கூலி ஏன் அவ்வளவு என்பது புரிந்துவிடும். மைக்ரோசிமெண்ட் என்பது சிமெண்ட், நுண்ணிய நிரப்பிகள், பாலிமர் கலந்த மெல்லிய பூச்சு. எல்லாக் கோட்டும் சேர்ந்து 2 முதல் 3 மி.மீ. கனம்தான் வரும். முதல் நாள் சுத்தம், பிரைமர். அடுத்து கண்ணாடி நார் வலையைப் பதித்து முதல் அடிக்கோட். அது காய்ந்தபின் தேய்த்து இரண்டாவது அடிக்கோட். பிறகு மென்மையான மேல்கோட் இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் தேய்ப்பு. கடைசியில் பூச்சைத் தண்ணீரும் கறையும் புகாமல் காக்கும் சீலர், குறைந்தது இரண்டு கோட். ஒவ்வொரு கோட்டும் காயச் சில மணி நேரத்திலிருந்து ஒரு முழு நாள் வரை ஆகும். ஆக, தளம் தயாராக இருந்தாலும் ஐந்திலிருந்து ஏழு முறை ஆட்கள் வந்து போக வேண்டும்.

மேல்கோட் போடும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள். கலவையைச் சுவரில் மெல்லியதாக இழுத்துவிட்டு, அது கொஞ்சம் இறுகும் வரை காத்திருப்பார்கள். விரல் வைத்தால் ஒட்டாமல், ஆனால் இன்னும் ஈரம் இருக்கும் அந்தப் பதத்தில் கரண்டியைச் சாய்த்து அழுத்தி இழுக்கும்போதுதான் அந்த மேகம் படர்ந்தது போன்ற தோற்றம் வருகிறது. கொஞ்சம் முந்தினால் கலவை கிழியும். பிந்தினால் கரண்டியின் கறுப்புத் தடம் விழும், அதைப் பிறகு அழிக்க முடியாது. ஒரு சுவரை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்திய இடத்தில் கோடு தெரியும். சந்தில்லாத பூச்சுக்கு நீங்கள் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி இந்தக் கைப்பழக்கத்துக்குத்தான்.

இங்கேயே ஒரு முக்கியமான விஷயம் வெளிப்படுகிறது. 250 சதுர அடிக்கும் 80 சதுர அடிக்கும் வருகைகளின் எண்ணிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு கோட்டும் காயத்தான் வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆட்கள் வரத்தான் வேண்டும். அதனால் பரப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் செலவும் மூன்றில் ஒரு பங்காகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல ஒப்பந்ததாரர்கள் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்திருப்பதும் இதனால்தான். அது பேராசை இல்லை. குளியலறை ஏற்கெனவே சின்ன இடம், மூலை முடுக்கு நிறைந்த இடம். பெரிய ஹாலுக்குச் சொன்ன சதுர அடி விலையை இங்கே கொண்டுவந்து வாதாடிப் பயனில்லை.

பொருள் கணக்கு எளிது, நீங்களே போட்டுப் பார்க்கலாம். தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் ஒரு கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று இருக்கும். உதாரணத்துக்கு அடிக்கோட்டுக்கு 1 கிலோ என்று இருந்தால், 23 சதுர மீட்டருக்கு இரண்டு கோட் போட 46 கிலோ. சேதாரம் 15 சதவீதம் சேர்த்தால் 53 கிலோ. 20 கிலோ மூட்டையாக வந்தால் மூன்று மூட்டை. மேல்கோட், சீலர், பிரைமர் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். நிறமியை மட்டும் முழு வேலைக்கும் ஒரே தொகுப்பில் வாங்கச் சொல்லுங்கள். பாதியில் தீர்ந்துபோய் வேறு தொகுப்பில் வாங்கினால் ஒரு சுவரும் இன்னொரு சுவரும் ஒத்துப்போகாது.

சரி, இனி தளம். உங்கள் பணம் எங்கே போகும் என்பதை முடிவு செய்வது இதுதான்.

பழைய டைல்ஸ்மேலேயே இந்தப் பூச்சைப் போடலாம், அது பொய் இல்லை. டைல்ஸ் கீழே நன்றாகப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒரு நாணயத்தையோ கரண்டியின் பிடியையோ வைத்து ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. பொள்ளென்று வெற்றுச் சத்தம் வந்தால் அந்த டைலின் கீழ் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் நல்ல சத்தமும் மூலையில் வெற்றுச் சத்தமுமாக இருந்தால் அதையும் கெட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே போங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில என்றால் அவற்றை மட்டும் எடுத்து நிரப்பிவிடலாம். ஒரு சுவரே அப்படி இருந்தால் மேலே பூசும் யோசனையை விட்டுவிடுங்கள். தளம் அசைந்தால் 3 மி.மீ. பூச்சு அதைத் தடுக்காது; அப்படியே விரிசலாகக் காட்டிக்கொடுக்கும்.

டைல்ஸ்மேல் பூசுவதில் உடைப்பு, குப்பை அள்ளுதல், புதுப் பூச்சு எல்லாம் மிச்சம். ஆனால் டைல்ஸின் பளபளப்பை மந்தப்படுத்தி, பிடிப்புக்கு மணல் கலந்த பிரைமர் போட்டு, சந்துகளை நிரப்பிச் சமப்படுத்த வேண்டும். இதற்குக் கூடுதலாக ஒரு வருகை. இதைச் செய்யாமல் நேராக அடிக்கோட் போட்டால், சில மாதத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் பழைய டைல்ஸின் சதுரங்கள் மங்கலாகத் தெரியும். குறைந்த விலை சொன்னவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சந்து நிரப்பும் கோட் இதில் இருக்கிறதா?"

தரை வாட்டம் அடுத்தது. ஷவர் தரை வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். 50க்கு 1 என்ற அளவு நல்லது. 3 அடி தூரத்துக்கு அது 18 மி.மீ. இறக்கம். 3 மி.மீ. பூச்சால் இதை உண்டாக்க முடியாது என்பதைக் கொஞ்சம் யோசித்தாலே புரியும். இப்போது உங்கள் குளியலறையில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். எங்காவது தேங்கி நிற்கிறதென்றால் தரையை எடுத்துப் புது ஸ்கிரீட் (வாட்டம் கொடுக்கும் சிமெண்ட்-மணல் தளம்) போட வேண்டியிருக்கும், அதற்குப் பணம் ஒதுக்குங்கள். டைல்ஸ் தரையில் தண்ணீர் தேங்கினால் எரிச்சல்தான். இந்தப் பூச்சில் தேங்கினால் சீலர் அந்த இடத்தில்தான் முதலில் போகும்.

இதற்குப் பக்கத்திலேயே வடிகால் வாய். முழு அறையிலும் நுட்பம் அதிகம் தேவைப்படும் இடம் அந்த ஒரு கை அகலப் பரப்பு. நீர்த்தடுப்புப் படலம் வடிகாலின் விளிம்புத் தகட்டின்மேல் ஏறி ஒட்ட வேண்டும். வலையை வட்டமாக வெட்டி விளிம்பு வரை கொண்டுவர வேண்டும். மேல்கோட் மெல்லியதாகி உதிராமல் ஒரு உலோக விளிம்பில் போய் முடிய வேண்டும். பழைய வடிகாலில் அந்தத் தகடு பெரும்பாலும் இருக்காது. விளிம்புத் தகடுள்ள புது வடிகாலுக்கு வரவுசெலவில் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். இதில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை.

நீர்த்தடுப்பு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மைக்ரோசிமெண்ட் தண்ணீர் புகாதது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். சீலர் போட்ட மேற்பரப்பு தண்ணீரை உள்ளே விடாது, அதுவரை சரி. ஆனால் அது நீர்த்தடுப்புப் படலம் ஆகாது. ஒரு முடி அளவு விரிசல் விழுந்தால் போதும், தண்ணீர் கீழே போய்விடும். எனவே ஷவர் பகுதிச் சுவரிலும் தரை முழுவதும் தனியாகப் படலம் போட வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் வலுவூட்டும் பட்டை, ஷவர் சுவரில் சுமார் 1.8 மீட்டர் உயரம் வரை, மற்றச் சுவர்களின் அடியில் குறைந்தது 15 செ.மீ. வரை. காய்ந்தபின் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த பிறகுதான் பூச்சு ஆரம்பம். படலமும் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டக்கூடியவையா என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. முடிந்தால் இரண்டையும் ஒரே நிறுவனத்தின் தொகுப்பாக எடுங்கள். பிறகு ஒருவரை ஒருவர் கைகாட்ட வழி இருக்காது.

சுவருக்குள் இருக்கும் குழாய்களும் அப்படித்தான். டைல்ஸ் என்றால் கசிவு வந்தால் இரண்டு டைலை உடைத்துச் சரிசெய்து, அதே மாதிரி இரண்டை ஒட்டிவிடலாம். சந்தில்லாத பூச்சில் ஒட்டுப்போட்டால் ஒட்டு தெரியும். தெரியாமல் செய்ய வேண்டுமென்றால் மூலைக்கு மூலை அந்தச் சுவர் முழுவதையும் திரும்பப் பூச வேண்டும். எனவே பழைய குழாய் என்றால் இப்போதே மாற்றுங்கள், மூடுவதற்குமுன் அழுத்தச் சோதனை செய்யுங்கள். இது பூச்சுச் செலவு இல்லையே என்று தோன்றும். ஆனால் இந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்ததால்தான் தள்ளிப்போட முடியாமல் போகிறது. அதனால் அதே கணக்கில்தான் வர வேண்டும். வால்வுகள் இருக்கும் இடத்தில், கழற்றி மாட்டும் வகையில் ஒரு சின்ன மூடி வைத்துவிட்டால் பிற்காலத்தில் நிறையச் செலவு மிச்சமாகும்.

பணத்தோடு நாட்களையும் எண்ணுங்கள், ஏனென்றால் அதற்கும் விலை உண்டு. டைல்ஸ்மேலேயே பூசினால், தயாரிப்பு, நீர்த்தடுப்பு, பூச்சு, சீலர் இறுகும் காலம் என்று மூன்று வாரத்தில் முடிந்துவிடும். எல்லாவற்றையும் உடைத்துப் புது ஸ்கிரீட் போட்டால் கதை வேறு. சிமெண்ட் ஸ்கிரீட் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் காயும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயம். 50 மி.மீ. ஸ்கிரீட் என்றால் ஏழு வாரம். ஈரமானி வைத்துப் பார்க்காமல் அவசரப்பட்டு மூடினால் கீழிருந்து வரும் ஓதம் சீலரைக் கொப்புளமாகத் தூக்கும், அல்லது வெள்ளையாக உப்புப் பூக்கும். விரைவில் காயும் ஸ்கிரீட் கலவைகள் இருக்கின்றன, விலை அதிகம். வீட்டில் ஒரே குளியலறைதான் என்றால் அந்தக் கூடுதல் விலை கொடுக்கத் தகுந்தது. இரண்டாவது குளியலறை இருந்தால் பொறுமையாகக் காயவிடுங்கள்.

பொருள் தேர்வைப் பற்றி. "சுண்ணாம்பு அல்லது சிமெண்ட்" என்று கேட்டிருக்கிறீர்கள், இரண்டுக்கும் செலவின் போக்கே வேறு.

சுண்ணாம்பில் குளியலறைக்கென்றே உள்ளது டாடெலாக்ட், மொரோக்கோவின் மராகேஷ் பகுதியில் குளியல் கூடங்களில் வளர்ந்த முறை. சுண்ணாம்புக் கலவையைப் பூசி, வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் சோப்பைப் பூசுவார்கள். சோப்பில் உள்ள கொழுப்பு அமிலம் சுண்ணாம்போடு வினைபுரிந்து, தண்ணீரில் கரையாத கால்சியம் சோப்பாக மாறித் துளைகளை அடைக்கிறது. மேலே பிளாஸ்டிக் படலம் எதுவும் இல்லாத உண்மையான கனிமப் பூச்சு, அழகில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் பொருள் விலை நியாயமாக இருந்தாலும் கூலி ஏறிவிடும்: ஒரு சுவரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், அங்குலம் அங்குலமாகக் கல்லால் தேய்க்க வேண்டும், செய்யத் தெரிந்தவர்களும் குறைவு. அமிலம் பட்டால் கறை விழும். தண்ணீர் நிற்கும் ஷவர் தரைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஜிப்சம் பூச்சுமேலும் இது உட்காராது; சுண்ணாம்பு அல்லது அதற்கு ஏற்ற கனிமத் தளம் வேண்டும். டைல்ஸ்மேல் போடலாம் என்ற சலுகை இதற்கு இல்லை.

வெனிஸ் பாணிச் சுண்ணாம்புப் பூச்சு, மார்மொரினோ வகையெல்லாம் ஈரம் நேரடியாகப் படாத சுவர்களுக்கே பொருத்தம். கல் சில்லு கலந்த சிமெண்டை அந்த இடத்திலேயே வார்த்துத் தேய்க்கும் டெராஸோ, தரைக்கு மிக உறுதி. ஆனால் கனமும் எடையும் கூடும், அறைக்குள் இயந்திரத்தை வைத்து ஈரத்தோடு தேய்ப்பதில் வரும் சேற்றை வெளியேற்றவும் செலவு. உங்கள் 48 சதுர அடிக்கு அந்த இயந்திரத்தை வரவழைப்பது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

உங்கள் நிலைமையில், டைல்ஸ் கெட்டியாக இருந்தால் மைக்ரோசிமெண்ட்தான் நடைமுறைக்கு ஏற்றது.

மாதிரிப் பலகைக்குப் பணம் ஒதுக்குங்கள், இலவசமாகக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் வேண்டாம். உங்கள் வேலையைச் செய்யப்போகும் அதே ஆள், அதே பொருளில், சீலர் வரை எல்லாக் கோட்டும் போட்ட ஓரடிப் பலகை. சீலர் போட்டதும் நிறம் கருக்கும், அதனால் சீலர் இல்லாத மாதிரியைப் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பலகையில் ஷாம்பு, முடிச் சாயம், எலுமிச்சைச் சாறு, நீங்கள் வழக்கமாக வாங்கும் கழிப்பறைத் திரவம் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு ஒரு இரவு வைத்துப் பாருங்கள். விற்பனையாளரின் வாக்குறுதியைவிட இது தெளிவாகப் பேசும். உங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால், அடர் சாம்பல், கறுப்பு நிறங்களை விட்டுவிடுங்கள். உப்புக் கறை வெள்ளையாகத் தெரியும். அதை எடுக்க அமிலம் போட்டால் பூச்சு போய்விடும். சீலரில் எபாக்சி வகை வெளிச்சத்தில் மஞ்சளாகும். இரண்டு கூறு பாலியூரித்தேன் நல்லது. தரைக்கு வழுக்காத சேர்மானம் கலந்த மேட் சீலர் கேளுங்கள். பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஈரக் காலோடு விழ வேண்டாம்.

எல்லோரும் மறக்கும் சில வரிகள் உண்டு. கழிப்பறைப் பீடம், வாஷ்பேசின், குழாய்கள் இவற்றைக் கழற்றி மறுபடி மாட்டும் பிளம்பர் கூலி. கதவு நிலையை, ஜன்னலை மூடி ஒட்டும் வேலை. தேய்க்கும்போது பறக்கும் தூசியை உறிஞ்சும் இயந்திரம். சிலிக்கா கலந்த தூசி என்பதால் முகமூடியும் கட்டாயம். கடைசியில் இணைப்புகளை அடைக்கும் சிலிக்கோன். துண்டு மாட்டும் கம்பி, கண்ணாடி, ஷவர் கதவு எங்கே வரும் என்பதைப் பூச்சுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு துளைத்தால் ஒவ்வொரு துளையும் சீலரில் ஓட்டைதான்.

செலவைக் குறைக்க வேண்டுமா? தரத்தில் கை வைக்காதீர்கள், பரப்பைக் குறைத்தாலும் மேலே சொன்னதுபோல் விகிதப்படி மிச்சம் கிடைக்காது. எதை எங்கே போடுவது என்பதை மாற்றுங்கள். ஷவர் பகுதிக்குள் மட்டும் நல்ல டைல்ஸ், மற்றச் சுவர்களிலும் வெளித் தரையிலும் மைக்ரோசிமெண்ட் என்று வைத்தால், ஆபத்து நிறைந்த பகுதியெல்லாம் தெரிந்த வேலையாகிவிடும். அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் பரப்பு சந்தில்லாமலே இருக்கும். இல்லை, ஷவரிலும் அதுவே வேண்டுமென்றால் சுவர் மட்டும் பூச்சு, ஷவர் தரைக்குச் சின்ன மொசைக். கால் படும், தண்ணீர் நிற்கும் தரைதான் முதலில் தேயும் இடம். வாஷ்பேசின் திண்டில் பூசும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். பற்பசை, சோப்புக் குப்பியின் அடியில் நிற்கும் ஈரம், இவற்றில் அது சீக்கிரம் அசிங்கமாகும். ஒரு கல் பலகை மலிவாகவே முடியும். மாடத்தைக் கைவிட்டால் அதுவும் மிச்சம்.

குறைக்கவே கூடாதவை: நீர்த்தடுப்பு, வலை, சீலர்.

பூச்சு முடிந்தபின் வரும் செலவையும் இப்போதே எழுதுங்கள். அமிலமும் காரமும் இல்லாத, நடுநிலையான (pH நியூட்ரல்) திரவத்தில் மட்டும் கழுவ வேண்டும். வினிகர், அமிலக் கழிப்பறைத் திரவம், பிளீச்சிங் எதுவும் கூடாது. ஷவர் தரைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சீலர் புதுப்பிக்க வேண்டியிருக்கும். சிறுகச் செய்யும் வேலைதான், ஆனால் தரையை நன்றாகக் காயவைத்து, லேசாகத் தேய்த்து, பூசி, இறுகவிட என்று குளியலறையை ஒரு வாரம் பூட்டிவைக்க வேண்டும். பத்து ஆண்டுக் கணக்கில் இரண்டு மூன்று முறை என்று வைத்துக்கொண்டு டைல்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செலவில் டைல்ஸ்தான் ஜெயிக்கும். மைக்ரோசிமெண்ட்டை அழகுக்காக வாங்குகிறீர்கள், சிக்கனத்துக்காக இல்லை. அது தெரிந்து வாங்கினால் வருத்தம் வராது.

மொத்தமாக எப்படி ஒதுக்குவது? நான் போடும் விதம் இது. மைக்ரோசிமெண்ட்டும் சீலரும், பொருளும் கூலியும் சேர்த்து 100 பங்கு என்று வையுங்கள். அதில் பாதிக்கு மேல் கூலி. டைல்ஸ் நன்றாக இருந்து, வாட்டமும் சரியாக இருந்தால், தளத் தயாரிப்பு, நீர்த்தடுப்பு, பிளம்பர் எல்லாவற்றுக்கும் இன்னொரு 50 பங்கு. உடைத்துச் செய்வதென்றால் அந்த 50, நூறாகவும் ஆகும், அதற்கு மேலும் போகும். அதன்மேல் எதிர்பாராததற்கு, தளத் தயாரிப்புத் தொகையில் 20 சதவீதம், பூச்சுத் தொகையில் 10 சதவீதம். தளத்துக்கு ஏன் அதிகம் என்றால், உடைத்துப் பார்க்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனவே ஒப்பந்தத்தையே இரண்டாகப் பிரியுங்கள்: உடைப்பு, தளம், நீர்த்தடுப்பு முதல் பகுதி, அது முடிந்து தண்ணீர்ச் சோதனையும் முடிந்தபின் பூச்சுக்கான இறுதி விலை.

இனி உங்கள் இரண்டு கொட்டேஷனுக்கு வருவோம். இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். சந்து நிரப்பும் கோட் உண்டா? வலை முழுப் பரப்புக்குமா, மூலைகளுக்கு மட்டுமா? அடிக்கோட் எத்தனை, மேல்கோட் எத்தனை, சீலர் எந்த வகை, எத்தனை கோட்? நீர்த்தடுப்பு யார் பொறுப்பு, 24 மணி நேரச் சோதனை உண்டா? மாடம், விளிம்பு, வடிகால் எந்தக் கணக்கில்? வேலையை நேரில் செய்யப்போவது யார், அவர் செய்து இரண்டு ஆண்டாவது ஓடிய ஷவர் ஒன்றைப் பார்க்க முடியுமா? பதில்களை வரிக்கு வரி பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். குறைந்த விலை சொன்னவரின் பட்டியலில் நான்கைந்து இடம் காலியாக இருந்தால், அவற்றின் விலையைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு தொகையும் நெருங்கிவிடும். எல்லாம் சேர்த்தும் விலை பாதியாகவே இருந்தால், அவர் எத்தனை வருகை போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். மூன்று நாளில் முடித்துவிடுவேன் என்று சொன்னால் எந்தக் கோட்டைக் காயவிடாமல் மூடப்போகிறார் என்பதையும் அவரே சொல்லட்டும்.

பணத்தை நான்கு தவணையாகக் கொடுங்கள்: பொருள் வந்ததும், தண்ணீர்ச் சோதனை முடிந்ததும், மேல்கோட் முடிந்து சீலருக்கு முன் நீங்கள் பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சரி சொன்னதும், கடைசியாகக் குளியலறையை ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு. அந்தக் கடைசித் தவணை பத்து சதவீதமாவது இருக்கட்டும். மிச்சமான மேல்கோட் பொடி, நிறமி, சீலரை எடுத்துப்போக விடாதீர்கள். டப்பாவில் தேதியும் தொகுப்பு எண்ணும் எழுதி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சீலரும் பொடியும் என்றைக்கும் கெடாமல் இருக்காது, ஆனால் அந்த எண்ணும் நிறமியும் இருந்தால் பிற்காலத்தில் ஒரு சுவரைத் திரும்பப் பூச நேரும்போது நிறத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.